பழைய ஜப்பான் காரின் ஆட்டோ கியர் மக்கர் பண்ணினால்: ரங்கூன் ஓட்டுநர்களுக்கு முழுமையான வழிகாட்டி

“கியர் பெட்டி போச்சு. வேற பெட்டி மாத்திடலாம்.” ஆட்டோ கியர் கார் ஒன்றைப் பட்டறை வாசலில் நிறுத்தினால், பானெட்டைத் திறக்கும் முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிடுவது உண்டு. சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு லிட்டர் ஆயில் குறைந்த காருக்கும், எஞ்சின் மவுண்ட் கிழிந்த காருக்கும், ஒரே ஒரு சென்சார் செத்துப்போன காருக்கும் அதே தீர்ப்புதான் என்றால் அதில் வில்லங்கம் இருக்கிறது. பெட்டியை இறக்கி ஏற்றுவது பெரிய வேலை. வாங்கி மாட்டுகிற பெட்டியும் ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்ததுதான்.

ஆகவே வரிசை முக்கியம். செலவில்லாத சோதனையில் தொடங்கி, காசு கேட்கிற சோதனைக்குப் போக வேண்டும். வெளியே பார்த்து முடித்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். ஆயில், வெளிப் பாகங்கள், ஓட்டிப் பார்ப்பது, கோடு (கார் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) படிப்பது, வயரைப் பிடுங்கிப் பார்ப்பது, அப்புறம்தான் ஸ்பேனர். வேலையை நீங்களே செய்தாலும் சரி, சயாவிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) கொடுத்தாலும் சரி, இந்தச் சோதனைகளின் முடிவு உங்கள் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன பெட்டி?

நம் ஊரில் ஓடுகிற பழைய கார்களில் பெரும்பாலானவை ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. 2011இல் பழைய வண்டிகளை ஒப்படைத்து இறக்குமதி அனுமதி வாங்கும் திட்டம் வந்த பிறகு ப்ரோபாக்ஸும் மார்க் டூவும் கால்டினாவும் ஃபிட்டும் வந்து குவிந்தன. எல்லாமே ஆட்டோ என்றாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல.

மார்க் டூ, கிரவுன் போன்ற பின்சக்கர வண்டிகளில் பெட்டி நீளவாக்கில் இருக்கும். ஏ42டிஇ, ஏ340இ வகை நான்கு கியர் பெட்டிகள் இவற்றில் வரும். 2002இல் வந்த முதல் தலைமுறை ப்ரோபாக்ஸின் 1500 சிசி வண்டியில் இருப்பது யூ340இ, முன்சக்கரத்துக்கான நான்கு கியர் பெட்டி. 2014இல் முகம் மாறி வந்த ப்ரோபாக்ஸில் சிவிடி. பழைய ஹோண்டா ஃபிட்டிலும், விட்ஸ் சிலவற்றிலும் சிவிடிதான். சிவிடிக்குள் கியர்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஓர் இரும்புப் பெல்ட்டும் ஓடும். இந்த வழிகாட்டி முக்கியமாக நான்கு கியர் பெட்டிகளுக்கானது. சிவிடிக்கு ஆயில், வெளிச் சோதனை, கோடு வரைக்கும் பொருந்தும். அதற்கு மேல் அதற்கென்று பழகிய கை வேண்டும்.

பெட்டியின் குறியீடு பானெட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் இருக்கும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் வாங்கும்போதும் சாமான் தேடும்போதும் அதுதான் கேட்கப்படும்.

முதல் படி: ஆயில் என்ன சொல்கிறது?

ஆட்டோ கியரில் ஆயில் வெறும் மசகு இல்லை. அதன் அழுத்தம்தான் கிளட்ச்சுகளைப் பிடிக்க வைக்கிறது. எஞ்சினின் சக்தியை டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆயிலால் சுழலும் இணைப்பு) வழியாகக் கடத்துவதும் அதுதான். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கியர் வழுக்கும். ஆயில் கூடிப்போனாலும் கெடுதல்தான்: சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கிவிடும், நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது.

டொயோட்டாவில் பார்க்கும் முறை இது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிவிட்டு சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை பி-யிலிருந்து எல் வரைக்கும் ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு விநாடி நிறுத்தி, திரும்ப பி-க்கு வாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துத் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். ‘ஹாட்’ என்று குறித்த இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் முறை வேறு: சூடேறிய எஞ்சினை அணைத்துவிட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். எந்தக் கார் என்றாலும் பஞ்சுத்துணி வேண்டாம், நூல் உதிராத துணியால் துடையுங்கள். உள்ளே போகிற ஒரு நூலிழை ஒரு வால்வைச் சிக்க வைக்கப் போதும்.

குச்சியே இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றில் ஆயில் ஏறக்குறைய 40 டிகிரி சூட்டில் இருக்கும்போது, அடியில் உள்ள அளவு போல்ட்டைக் கழற்றி, சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் காரைச் சமமாகத் தூக்க வேண்டும் என்பதால் லிஃப்ட் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவதே நல்லது.

அளவு பார்த்தாயிற்று. இனி குச்சி நுனியில் இருக்கும் சொட்டை ஒரு வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ பரவி, ஓரம் தெளிவாக விரிந்தால் ஆயில் உயிரோடு இருக்கிறது. கரும்பழுப்பாக, பரவாமல் நடுவில் திட்டாக நின்றால் கிளட்ச் தூள் கலந்திருக்கிறது. மூக்குக்குக் கொண்டுபோங்கள்; கருகிய வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. பேனா டார்ச் வெளிச்சத்தில் மினுமினுவென்று பொடி தெரிந்தால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்கிறது. ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு நேரம் காத்திருக்காது.

குறைந்திருந்தால் சரியான ஆயிலை ஊற்றி, அளவு வந்த பிறகு நோய் போகிறதா என்று பாருங்கள். போய்விட்டால் அடுத்த கேள்வி, எங்கே ஒழுகியது? ஆட்டோ கியர் ஆயில் எஞ்சின் ஆயிலைப் போல எரிந்து குறையாது. பேன் (பெட்டியின் அடித்தட்டு) கேஸ்கட், ஆக்சில் சீல், கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், முன் பம்ப் சீல், இந்த நான்கில் ஒன்றில் ஈரம் இருக்கும். பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலிருந்து சொட்டினால் அது பம்ப் சீலாக இருக்கக்கூடும். எஞ்சினின் பின்பக்க சீலாகவும் இருக்கலாம், நிறத்தைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

இரண்டாம் படி: பெட்டி மேல் பழி போடும் வெளிப் பாகங்கள்

‘டி’யில் போட்டதும் டமார் என்று ஓர் அடி. பலர் இதைக் கேட்டதும் வால்வ் பாடி (ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) என்று கிளம்பிவிடுவார்கள். முதலில் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, கைப்பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, ஒருவர் ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் மாற்றட்டும், நீங்கள் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று எஞ்சினைக் கவனியுங்கள். எஞ்சின் எழும்பி விழுந்தால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. பின்சக்கர வண்டியானால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சிலுவை மூட்டையும் கையால் முறுக்கிப் பாருங்கள்.

ஐடில் வேகம் அதிகமாக இருந்தாலும் அதே அடி விழும். த்ராட்டில் பாடி கரி பிடித்து ஐடில் ஏறியிருக்கலாம். அப்படியானால் அதைச் சுத்தம் செய்தாலே தீர்ந்துவிடும்.

50 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது வரும் நடுக்கம் இன்னொரு பெரிய குழப்பம். டார்க் கன்வர்ட்டர் லாக்-அப் ஆகும்போது (உள்ளே ஒரு கிளட்ச்சால் நேராகப் பூட்டிக்கொள்ளும்போது) வருகிற நடுக்கமும், ஓர் இக்னிஷன் காயில் விட்டுவிட்டு வேலை செய்வதால் வருகிற நடுக்கமும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய எளிய வழி உண்டு. நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்ததும் லாக்-அப் விடுபடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் கன்வர்ட்டர் பக்கம் தேடுங்கள். நிற்காவிட்டால் பிளக், காயில் பக்கம். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

90களின் டொயோட்டாக்களில் த்ராட்டிலிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள் போகும். கிக்-டவுன் கேபிள் என்போம். உண்மையில் அது அழுத்தத்தையே கட்டுப்படுத்துகிறது. தளர்ந்துபோனால் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கும்; தளர்ந்த கேபிளோடு பல மாதம் ஓட்டினால் நல்ல பெட்டியும் எரியும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொல்லி, கேபிளில் பதித்திருக்கும் சிறு நிறுத்திக்கும் உறையின் முனைக்கும் இடையே இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது, ஐந்து நிமிடம்தான். இதைச் செய்யாமல் பெட்டியை இறக்கச் சொல்லும் எவரையும் நான் நம்ப மாட்டேன்.

த்ராட்டில் பொசிஷன் சென்சார் தவறான தகவல் கொடுத்தால் கியர் தாமதமாகவோ, நேரம் கெட்ட நேரத்திலோ மாறும். டொயோட்டாவில் மல்ட்டிமீட்டரில் பார்த்தால் த்ராட்டில் மூடியிருக்கையில் 0.3 முதல் 0.8 வோல்ட், முழுக்கத் திறந்தால் 3.2 முதல் 4.9 வோல்ட் வர வேண்டும்; மெதுவாகத் திறக்கும்போது இடையில் எங்கும் முள் விழக்கூடாது.

அப்புறம் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் இல்லையென்றால் கியர் கம்ப்யூட்டர் பைத்தியம் போல நடந்துகொள்ளும். களிம்பு பிடித்த எர்த் வயரும் அப்படித்தான். ‘பி’யிலும் ‘என்’னிலும் ஸ்டார்ட் ஆகாமல் லீவரை ஆட்டினால் ஆகிறது என்றால், லீவர் தண்டில் இருக்கும் நியூட்ரல் சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: ஓட்டிப் பார்ப்பது

துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். 1970 முதல் வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டில், வலப்பக்க ஸ்டியரிங்கோடு நடைபாதை ஓரமாக உட்கார்ந்து ஓட்டுகிறோம். முந்தும்போது இடது சீட்டில் இருப்பவர்தான் எதிர்வண்டியைப் பார்க்க முடியும். அவரே ஆர்பிஎம் குறித்துக்கொள்ளட்டும். அனோரத்தா சாலையில் காளியம்மன் கோயில் பக்கத்து நெரிசலில் இந்தச் சோதனை நடக்காது. விடியற்காலையில், காலியான நீளமான சாலையில், நடுவில் லேடான் போல ஒரு மேம்பாலம் வருமாறு பாதை வையுங்கள். ஏற்றத்தில்தான் வழுக்கல் காட்டிக்கொடுக்கும்.

குறிக்க வேண்டியவை: ஒவ்வொரு கியரும் எந்த வேகத்தில் மாறுகிறது, மாறும் இடத்தில் ஆர்பிஎம் துள்ளுகிறதா, அடி விழுகிறதா, குளிரில் ஒரு மாதிரியும் சூட்டில் வேறு மாதிரியும் நடக்கிறதா. குளிரில் நன்றாக ஓடி, சூடேறியதும் வழுக்கினால் சீல்கள் கெட்டியாகியிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். சூட்டில் ஆயில் நீர்த்து, கசிவு அதிகமாகும். குளிரில் தாமதித்து, சூட்டில் சரியானாலும் சந்தேகம் சீல் மேல்தான்.

மார்க் டூ வகைப் பெட்டிகளில் எது கெட்டால் எது போகும் என்பதற்குக் கணக்கு உண்டு. முன்னே போகவில்லை, பின்னே மட்டும் போகிறது: முன் கிளட்ச். மூன்றாம் கியரும் ரிவர்ஸும் சேர்ந்து வழுக்குகின்றன: டைரக்ட் கிளட்ச், ஏனென்றால் இரண்டுக்கும் அதுதான் பொது. ரிவர்ஸ் இல்லை, ‘எல்’லில் காலை எடுத்தால் எஞ்சின் பிரேக்கும் இல்லை: முதல்-ரிவர்ஸ் பிரேக். ஓவர்டிரைவ் (நான்காம் கியர்) மட்டும் இல்லை: ஓவர்டிரைவ் பிரேக், அல்லது அதற்கான சொலினாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு). எல்லாமே வழுக்குகின்றன என்றால் ஆயில், ஃபில்டர், பம்ப், அழுத்தம் என்று பொதுவான இடத்தைப் பாருங்கள். இந்த ஒரு பத்தியை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் சயா நிமிர்ந்து பார்ப்பார்.

நான்காம் படி: கோடு படிப்பது

ஓட்டும்போது மீட்டரில் ‘ஓவர்டிரைவ் ஆஃப்’ விளக்கு தானாக மினுக்கினால் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு மின்கோளாறைக் குறித்து வைத்திருக்கிறது. கடையில் விற்கும் சின்ன புளூடூத் கருவி ஜப்பான் உள்நாட்டு வண்டிகள் பலவற்றோடு பேசாது. அதனால் அது ‘தொடர்பு இல்லை’ என்று காட்டினால் கோளாறு இல்லை என்று அர்த்தமாகாது.

90களின் டொயோட்டாவில் கருவியே வேண்டாம். எஞ்சின் அறையில் ‘டயக்னோசிஸ்’ என்று மூடியில் எழுதிய சிறு பெட்டி இருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஓட விடாமல், ஓவர்டிரைவ் பட்டனை உள்ளே அழுத்திய நிலையில் வைத்து, டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். விளக்கு மினுக்குவதை எண்ணுங்கள். இடைவெளியின்றிச் சீராக மினுக்கினால் கோடு ஏதும் இல்லை. நான்கு முறை மினுக்கி, சிறிது நின்று, இரண்டு முறை மினுக்கினால் 42. 42-ம் 61-ம் வேக சென்சார்கள். 62 முதல் சொலினாய்டு, 63 இரண்டாம் சொலினாய்டு, 64 லாக்-அப் சொலினாய்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை சாக்கெட் உள்ள பிந்தைய டொயோட்டாக்களில் 4, 13 எண் துளைகளை இணைக்க வேண்டும். 16-ஆம் துளையில் நேரடி பேட்டரி மின்சாரம் இருக்கிறது. வயர் அங்கே பட்டால் ஃபியூஸ் போகும், இன்னும் பெரிதாகவும் போகும்.

கருவி பேசுகிற வண்டியானால் பி0715, பி0720 வேக சென்சார்கள், பி0750, பி0755 கியர் மாற்றும் சொலினாய்டுகள், பி0740 லாக்-அப். கோடு சொல்வது மின்சுற்றைத்தான். பி0750 வந்தவுடன் சொலினாய்டு வாங்க ஓடாமல் கனெக்டரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். டொயோட்டாவின் ஆன்-ஆஃப் வகை சொலினாய்டு 20 டிகிரியில் 11 முதல் 15 ஓம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகை 5 முதல் 5.6 ஓம். அளவு சரியாக இருந்தால் வயரில்தான் நோய். நிறுத்தி வைத்த வண்டிக்குள் எலி புகுந்து வயரைக் கடிப்பது இந்த ஊரில் புதிதில்லை.

ஐந்தாம் படி: மின்சாரமா, இயந்திரமா?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஏ340இ வகைப் பெட்டியில் சொலினாய்டு கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் விலகிவிடும், லீவரே கியரைத் தீர்மானிக்கும். ‘எல்’லில் முதல் கியர், ‘2’இல் மூன்றாம் கியர், ‘டி’யில் ஓவர்டிரைவ். இந்த மூன்றும் ரிவர்ஸும் திடமாகப் பிடித்தால் அவற்றின் கிளட்ச்சுகள் நன்றாக இருக்கின்றன, நோய் மின்சாரத்தில். பிடிக்காமல் வழுக்கினால் பெட்டிக்குள்ளேயே கோளாறு. வேறு பெட்டிகளில் எந்த இடத்தில் எந்தக் கியர் வரும் என்பது மாறுபடும். முடிந்ததும் கனெக்டரை மாட்டி, கோடுகளை அழித்துவிடுங்கள்.

அடுத்தது நேரம் பார்ப்பது. சூடான எஞ்சின், அழுத்திய பிரேக், ‘என்’னிலிருந்து ‘டி’க்கு, லீவர் நகர்ந்ததிலிருந்து கியர் பிடிக்கும் அதிர்வு வரை டொயோட்டாவில் 1.2 விநாடிக்குள் இருக்க வேண்டும். ‘ஆர்’க்கு 1.5 விநாடி. அதற்கு மேல் போனால் அழுத்தம் குறைவு அல்லது பிளேட் தேய்மானம்.

ஸ்டால் டெஸ்ட்டை அவசியமில்லாமல் செய்யாதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் முழுக்கப் பிடித்து, ‘டி’யில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து எத்தனை ஆர்பிஎம்மில் நிற்கிறது என்று பார்ப்பது அது. ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தால் ஆயில் கொதிக்கும். அந்த மாடலின் அளவைவிட மிக அதிகம் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. மிகக் குறைவாக நின்றால் எஞ்சின் வலுவிழந்திருக்கிறது, அல்லது கன்வர்ட்டருக்குள் ஸ்டேட்டர் கெட்டிருக்கிறது. பிரேக் சந்தேகமான பழைய வண்டியில் இது வேண்டவே வேண்டாம்.

ஆயில் மாற்றுவது எப்படி?

சோதனைகள் ‘பிளேட் எரியவில்லை, ஆயில் பழசு’ என்று சொன்னால்தான் இது. கருகி வழுக்குகிற பெட்டியில் புது ஆயில் ஊற்றுவது காசைச் சாக்கடையில் ஊற்றுவதுதான். எரிந்த பிளேட்டை எந்த ஆயிலும் முளைக்க வைக்காது. மெஷின் வைத்து ஃபிளஷ் செய்வது ஒட்டியிருந்த தூளைக் கிளப்பி வால்வுகளுக்குள் அனுப்பக்கூடும்.

சரியான ஆயில் எது என்பதைப் பலசமயம் குச்சியிலேயே பொறித்திருப்பார்கள். 90களின் டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் டெக்ஸ்ரான் வகை, 2000க்குப் பிறகு டைப் டி-4, அதற்கும் பிந்தியவற்றுக்கு டபிள்யூஎஸ். நிசானுக்கு மேட்டிக் வரிசை, ஹோண்டாவுக்கு இசட்1-க்குப் பதிலாக வந்த டிடபிள்யூ-1. சிவிடியில் அதற்கான சிவிடி ஆயில் மட்டும்தான். சாதாரண ஆட்டோ கியர் ஆயில் (ஏடிஎஃப்) ஊற்றினால் இரும்புப் பெல்ட் வழுக்கிக் கப்பியைக் கீறும். டப்பாவின் சீலைப் பார்த்து, நம்பகமான கடையில் வாங்குங்கள்.

காரை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல் அடுக்கிவிட்டு அடியில் போகாதீர்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிநிலையில் வேண்டாம். ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றும் முன் அது கியர் பெட்டியின் போல்ட்தானா என்று உறுதி செய்யுங்கள். எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டு கியர் பெட்டிக்கு மேலும் மூன்று லிட்டர் ஊற்றி, இரண்டையும் கெடுத்த கதைகள் உண்டு. இறங்கியதை அளவுக் குவளையில் பிடித்து, எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள். அதே அளவுதான் திரும்ப ஊற்ற வேண்டும்.

யூ340இ-யில் போல்ட் வழியாக இறங்குவது சுமார் 3 லிட்டர்தான். மீதி கன்வர்ட்டருக்குள்ளும் கூலரிலும் நிற்கும். அதனால் ஒருமுறை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றி, மூன்றாம் முறையும் மாற்றினால் ஆயில் பெரும்பாலும் புதிதாகிவிடும். வெகுகாலம் மாற்றாத பெட்டிக்கு இந்த நிதானமான வழிதான் என் சிபாரிசு.

பேனைக் கழற்றினால் அடியில் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை படிந்திருப்பது இயல்பு; விரலில் தேய்த்தால் வழவழவென்று இருக்கும். நறநறவென்றால், ஊசி போல் இரும்புத் துணுக்கோ பித்தளைத் துகளோ தெரிந்தால், அந்தப் பெட்டியைப் பிரித்தாக வேண்டும். ஃபில்டரை மாற்றி, அதன் ஓ-ரிங் பழசு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பாருங்கள். பேன் போல்ட்டுகளுக்குச் சுமார் 7 நியூட்டன் மீட்டர் போதும். நீளக் கம்பி போட்டு இறுக்கினால் பேன் வளைந்து, கேஸ்கட் பிதுங்கி ஒழுகும். இறக்கிய ஆயிலை வாய்க்காலில் விடாதீர்கள், கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

சொலினாய்டு, வால்வ் பாடி

பல பெட்டிகளில் பேனைக் கழற்றினாலே வால்வ் பாடி தெரியும். ஒரு கியர் மட்டும் வராமல், ஆயில் சுத்தமாக இருந்து, கோடு ஒரு சொலினாய்டைக் காட்டினால், பெட்டியை இறக்காமலே இங்கே முடித்துவிடலாம். சொலினாய்டுக்கு 12 வோல்ட் தொட்டுத் தொட்டு எடுத்தால் ‘டிக்’ என்ற சத்தம் வர வேண்டும். ஆன்-ஆஃப் வகைக்கு மட்டும்தான் இப்படி நேரடியாகக் கொடுக்கலாம். 5 ஓம் வகைக்குக் கொடுத்தால் எரியும், இடையில் ஒரு சிறு பல்பைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள்.

வால்வ் பாடியைக் கழற்றுவதாக இருந்தால் ஓர் அட்டைப் பெட்டித் துண்டில் அதன் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமான போல்ட் குறுகிய துளைக்குப் போனால் வெளியிலுள்ள உறையே உடையும். இரண்டு பாதிகளைப் பிரிக்கும்போது சின்னக் குண்டுகள் உருண்டு விழும், எது எங்கே இருந்தது என்று படம் எடுக்காமல் பிரிக்காதீர்கள். வால்வுகள் ஆயில் பூசிய பிறகு தங்கள் எடையிலேயே நழுவி விழ வேண்டும். சிக்கினால் உப்புத்தாள் போடக்கூடாது. சுத்தம் செய்து பார்த்தும் சிக்கினால் வேறு வால்வ் பாடிதான்.

பெட்டியை இறக்க வேண்டி வந்தால்

பிரித்து ரிப்பேர் செய்வதா, ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டியை மாட்டுவதா? கை பழகிய சயாவும் முழு சீல் கிட்டும் கிடைத்தால் ரிப்பேர் என்பது என் கட்சி. உள்ளே என்ன போட்டது என்று தெரியும். பழைய பெட்டி வாங்கினால் அதற்கும் குச்சியை இழுத்து அதே டிஷ்யூ சோதனை செய்யுங்கள், குறியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே பெயர் கொண்ட பெட்டியிலும் கடைசி கியர் விகிதமோ கனெக்டரோ மாறலாம். கன்வர்ட்டரோடு சேர்த்து வாங்குங்கள். ஓட்டிப் பார்க்க எத்தனை நாள் அவகாசம் என்பதைக் காசு கொடுக்கும் முன் பேசிவிடுங்கள்.

ரிப்பேர் என்றால் முதல் நாளே, “சயா, பழைய பிளேட்டு எல்லாத்தையும் எடுத்து வைங்க, நான் பாக்கணும்” என்று சொல்லுங்கள். பிளேட்டோடு சீல், ஓ-ரிங், பம்ப் புஷ் எல்லாம் மாற வேண்டும். புது பிளேட்டுகள் மாட்டும் முன் ஆயிலில் ஊற வேண்டும். கன்வர்ட்டருக்குள் கருகிய ஆயிலும் தூளும் தங்கியிருக்கும். அதையும் கூலர் குழாய்களையும் கழுவாமல் மாட்டினால் புது பிளேட்டுக்கு அதே தூள்தான் சாப்பாடு. கிளட்ச்சுகளைக் கோத்ததும், வால்வ் பாடி மூடும் முன், ஒவ்வொரு ஆயில் துளையிலும் 4 கிலோ அளவுக்குக் காற்றடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கிளட்ச் ‘டொக்’ என்று ஒரே சத்தத்தில் பிடிக்கும். ‘புஸ்’ என்று காற்று போனால் சீல் மடங்கியிருக்கிறது, அப்போதே பிரித்துச் சரிசெய்யலாம்.

திரும்ப ஏற்றும்போது நடக்கும் பெரிய நாசம் கன்வர்ட்டரில். அதைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ள வேண்டும். பம்ப்பின் பல்லில் கடைசியாக ஒருமுறை இறங்கி உட்கார வேண்டும். முழுக்க உட்காராமல் போல்ட்டை முறுக்கி எஞ்சினோடு இழுத்தால், ஸ்டார்ட் செய்த நொடியில் பம்ப் உடையும். எஞ்சினும் பெட்டியும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். போல்ட்டால் இழுத்தால்தான் சேர்கிறது என்றால் நிறுத்துங்கள். சேர்ந்த பிறகும் கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

தண்ணீர் புகுந்தால்

ரோஸ்மில்க் நிறத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கலப்பது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (எஞ்சின் ஆறிய பிறகு), அங்கேயும் ஆயில் மிதக்கும். இன்னொன்று மழைக்கால வெள்ளம். ஆற்றில் நீர் ஏறும் நேரமும் கனமழையும் சேர்ந்தால் நகரின் தாழ்வான தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும். சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

எதுவாக இருந்தாலும் எஞ்சினை அணைத்து நிறுத்துங்கள். பிளேட்டுகளின் உராய்வுத் தாள் பசையால் ஒட்டியது. தண்ணீர் அந்தப் பசையைத் தின்னும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ரேடியேட்டர் காரணமானால் முதலில் ரேடியேட்டர், அப்புறம் ஆயில். உடனே பிடித்துவிட்டால், நிறம் தெளியும்வரை ஆயிலை இறக்கி ஏற்றிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்த நிறத்தோடு பல நாள் ஓட்டியிருந்தால் பிளேட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் முடியாது. பழைய ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு வெளியே தனி ஆயில் கூலர் போட்டுவிட்டால் இந்தப் பயமே வேண்டாம். ஏப்ரல் வெயிலில் நெரிசலில் ஊரும்போது பெட்டியும் குளிர்ச்சியாக இருக்கும்.

வழியில் நின்றுபோனால்

பம்ப்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் உருண்டால் பெட்டிக்குள் ஆயில் ஓடாது, பேரிங்கும் புஷ்ஷும் காய்ந்து தேயும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. முன்சக்கர வண்டியானால் முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள். மார்க் டூ போன்றவற்றுக்குப் பின்சக்கரத்தைத் தூக்க வேண்டும், அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட வேண்டும். தாட்டானிலோ மோல்மேனிலோ நின்றுபோன வண்டியை ரங்கூன்வரை கயிற்றில் கட்டி இழுத்துவருவது கூடவே கூடாது, லாரியில் ஏற்றுங்கள். வழி ஓரத்திலிருந்து சாலையோரப் பட்டறைவரை என்றால் மட்டும், ‘என்’னில் வைத்து, 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் இழுக்கலாம். சாவியை முதல் நிலைக்காவது திருப்பி வையுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்; எஞ்சின் ஓடாததால் பிரேக் கல்லாக இருக்கும், வழக்கத்தைவிட மிக அதிகமாக அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும் என்பதை ஸ்டியரிங்கில் உட்காருகிறவரிடம் கயிறு கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.